நாணலும் கரும்பும்: ஜானகி அம்மாளின் வாழ்க்கை

வத்திராயிருப்பை ஒட்டிய மலையடிவாரத்தில் பிறந்து, கண்மாய்களைத் தொட்டபடி கிழக்கே இறங்கும் அர்ச்சுனா நதி ஆண்டில் பல திங்கள் மணலாகவே கிடக்கும். அந்த மணலிலும் உயிர்பிடித்து நிற்பது நாணல். மழை ஓய்ந்த நாள்களில் அது விரிக்கும் வெண்கதிர்கள் கவிஞர் கண்ணுக்குத் தப்புவதில்லை. கரைக்கு மேலே, தண்ணீர் எட்டும் வயலில் கரும்பு நிற்கும். ஒன்று யாரும் விதைக்காத புல். மற்றொன்று தைத்திங்களில் வாசல்தோறும் சார்த்தப்படும் மங்கலப் பொருள். இரண்டுக்கும் இடையே உள்ள உறவை உழவர் பொருட்படுத்துவதில்லை, பாடுவோரும் எண்ணுவதில்லை. தாவரவியலாரோ இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணுகின்றனர். நாணல் கரும்பின் காட்டுத் தாயாதி.

இந்தத் தாயாதி உறவை உயிரணுவின் உள்ளே நுழைந்து ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். செடிகளுள் எது எதற்கு நெருங்கிய உறவு, எது தூரத்து உறவு, அந்த நெருக்கமும் தூரமும் விளைவை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் வினாக்களைச் சுற்றியே அவர் வாழ்வின் ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. கரும்பை உயர்த்தும் பணியில் இறங்கியவர், முடிவில் காட்டுச் செடிகளின் காவலராக நின்றார். அவர் வாழ்வில் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது இந்தத் திருப்பமே.

1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் வட மலபாரின் தலச்சேரியில் அவர் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் சென்னை மாகாணத்தில் துணை நீதிபதியாக விளங்கியவர். வழக்குக் கட்டுகளுக்கு வெளியே அவருடைய நெஞ்சு தோட்டத்திலும் பறவைகளிலும் இருந்தது. வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூலும் எழுதினார். தாயார் தேவி, திருவாங்கூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த ஹானிங்டன் என்பவருக்கும் குருவி என்ற தீயர் குலப் பெண்ணுக்கும் பிறந்தவர். உடன்பிறந்தார் நிறைந்த அந்த வீட்டில் புத்தகங்களுக்கும் செடிகளுக்கும் குறைவில்லை. சாதியால் ஒரு தட்டு, கலப்பால் மற்றொரு தட்டு என்று ஊர் அளந்த குடும்பம் அது. செடிகளின் கலப்பை வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் இத்தகைய குடியில் தோன்றியதற்குப் பெரும்பொருள் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும், கலப்பு என்ற சொல்லில் இழிவு காணும் வழக்கம் அவரிடம் இல்லாமற்போனதற்கு வீடும் ஒரு காரணமாகலாம்.

சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. தம் முறை வந்தபோது ஜானகி படிப்பைத் தேர்ந்தார். பெண்களுள் எழுத்தறிந்தோரே அருகியிருந்த காலம் அது. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது. அங்கிருந்துதான், ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிவந்த பார்பர் உதவித்தொகையைப் பெற்றுக் கடல் கடந்தார். முதுகலைப் பட்டத்துடன் திரும்பி மீண்டும் சென்னையில் கற்பித்தார். மறுபடியும் மிச்சிகன் சென்றார். 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் அவர் கைக்கு வந்தது. தாவரவியலில் அத்தகைய உயர்பட்டத்தை அமெரிக்காவில் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். அக்காலத்தில் அவர் உருவாக்கிய ஒரு கத்தரி வகைக்கு ஜானகிக் கத்தரி என்றே பெயர் அமைந்தது.

திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் ஈராண்டு பேராசிரியராக இருந்தபின், 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலறிஞராகச் சேர்ந்தார். இந்த இடத்தில் சற்றே நின்று அந்நிலையத்தின் முன்கதையைக் காண்பது நலம். நாணலின் கதை அங்கேதான் விளைவின் கதையாக மாறுகிறது.

பருத்துச் சாறு நிறைந்த கரும்பை உயர்குடிக் கரும்பு என்பது அறிவியலார் வழக்கு. வெப்ப மண்டலத்தில் அது செழிக்கும். வட இந்தியாவின் குளிரும் வறட்சியும் அதற்கு ஆகா. அங்கே பயிரான நாட்டுக் கரும்புகள் மெலிந்தவை, விளைவு சொற்பம். இக்குறை தீர்க்கவே 1912இல் கோயம்புத்தூரில் நிலையம் தோன்றியது. அதன் முதல் அறிஞர் பார்பர் என்னும் ஆங்கிலேயரும், அவருக்குத் துணைநின்று பின்னர் நிலையத்தைத் தம் பெயரால் புகழ்பெறச் செய்த தி. சு. வெங்கட்ராமனும் செய்த துணிவான செயல் ஒன்றுண்டு. வெள்ளை என்னும் இனிய கரும்பைக் கோவைப் பகுதியில் தானே வளர்ந்து கிடந்த நாணலோடு மணமுடித்தனர். சர்க்கரை இல்லாத புல்லின் குருதியைக் கரும்பில் ஏற்றுவது அறிவுடைமையோ என்று அன்று கேட்டிருந்தால் மறுமொழி எளிதன்று. பிறந்த கன்று கோ 205 என்ற எண்ணால் அறியப்பட்டு 1918இல் பஞ்சாபுக்குச் சென்றது. அங்குப் பழைய கரும்புகளை அது பின்தள்ளியது. இனிப்பைத் தாயும், தாங்கும் திறனைத் தந்தையாகிய நாணலும் தந்தனர். பட்டினத்தார் கையிற் சுமந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது நம் மரபுக் கதை. கோவை வயலில் நிகழ்ந்தது இனிப்பில்லாப் புல் இனிப்பைக் காத்த கதை.

ஆயினும் இம்மணத்தின் உட்பொருள் விளங்காமலே இருந்தது. எந்த நாணல் எந்தக் கரும்போடு சேரும், பிறப்பது மலடாகுமா மகப்பெறுமா, காட்டு உறவில் எத்தனை தூரம் போகலாம் என்பவற்றுக்கு உயிரணுவிலேதான் விடை காண முடியும். ஜானகி அம்மாள் செய்தது அதுவே. மரபைச் சுமக்கும் குரோமோசோம்கள் உயர்குடிக் கரும்பில் 80. நாணலிலோ இடத்திற்கு இடம் அவ்வெண் மாறுகிறது; 40இல் தொடங்கி 128 வரை செல்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஆற்றங்கரைப் புல்லுக்குள் இத்தனை வேறுபாடு. பல இடத்து நாணல்களை வரவழைத்து எண்ணிப் பார்த்து, அது பரவிய வழிகளை அவர் ஆராய்ந்தார். நாணலின் தாயகம் இந்தியா என்ற முடிபுக்கு அவ்வாய்வு வலுச்சேர்த்தது.

நாணலோடு அவர் நிற்கவில்லை. சோளம், தர்ப்பையின் இனமான புல், எரியாந்தஸ் என்னும் நெடும்புல் ஆகியவற்றோடும் கரும்பைச் சேர்த்துப் பார்த்தார். மக்காச்சோளத்தோடு சேர்த்த கலப்பை 1938இல் உலகுக்கு அறிவித்தபோது அறிஞர் வியந்தனர். ஒரே புற்குடும்பத்தின் உள்ளேயும் மிக விலகிய இரு கிளைகளின் சந்திப்பு அது. அக்கலப்பு ஆலைக்கு ஏற்ற கரும்பைத் தந்துவிடவில்லை. ஆனால் உறவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அளக்கும் கோல் ஒன்றைத் தந்தது. அறிவியலில் இத்தகைய தோல்விகளுக்கு வெற்றியைவிட நீண்ட ஆயுள் உண்டு.

நிலையத்தில் அவருடைய நாள்கள் இனியவையாக அமையவில்லை. பெண், மணமாகாதவர், பிற்பட்டதாகக் கருதப்பட்ட குலத்தவர் என மூன்று சுமைகள் அவர் தோளில் ஏற்றப்பட்டன. அவற்றுக்கு நடுவே 1935இல் பெங்களூரின் இந்திய அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றது. சர் சி. வி. இராமன் நிறுவிய அக்கழகத்திற்கு அப்போது வயது ஒன்றே. இராமனோடு கல்கத்தாவில் ஒளிச்சிதறல் ஆய்வில் உடனிருந்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பு மண்ணில் 1898இல் பிறந்தவர் என்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர். ஜானகி அம்மாளுக்கு அவர் ஓராண்டே இளையவர். அந்தத் தலைமுறையின் அறிவார்வம் ஆணையும் பெண்ணையும் ஒரே காற்றில் எழுப்பியது; ஊர் மட்டும் இருவருக்கும் ஒரே வழிவிடவில்லை.

1939 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் கூடிய ஏழாம் உலக மரபியல் மாநாட்டுக்கு அவர் சென்றிருந்தபோது போர் மூண்டது. திரும்பும் வழி அடைபட்டது. இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் உயிரணுவியலராக அமர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வாராம். இந்தியாவிலிருந்து சேலைக்குள் மறைத்து எடுத்துச்சென்ற அணிற்பிள்ளை ஒன்று அந்நிலையத்தில் உலவியது என்றும் சொல்வர். செடி ஆய்வாளரின் தனிமைக்கு அணில் துணை.

அங்கே சி. டி. டார்லிங்டன் என்னும் பேரறிஞரோடு சேர்ந்து அவர் ஆக்கிய நூல் 1945இல் வெளிவந்தது. பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கிய பெருந்தொகுதி அது. எண்களின் பட்டியல்தானே என்று எண்ணிவிடலாகாது. மனிதன் தன் வயலில் வைத்துக்கொண்ட செடிகளின் குலமரபை ஒருசேரக் காட்டிய வம்சாவளி அந்நூல். பத்தாண்டு கழிந்து 1955இல் அது பூக்குந்தாவரங்கள் அனைத்திற்குமாக விரிந்தபோது, அட்டையில் டார்லிங்டனோடு வேறொருவர் பெயர் நின்றது. முதல் உழவு உழுதவரை நினைவில் வைத்துக்கொள்ளும் கடமை படிப்பவரைச் சார்ந்தது.

நூல் வெளியான ஆண்டிலேயே விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கம் அவரை அழைத்தது. சங்கத்தில் ஊதியம் பெற்றுப் பணியாற்றிய முதல் பெண் அறிவியலர் அவர் என்பர். கோல்சிசின் என்னும் மருந்தை முளைகளில் இட்டுக் குரோமோசோம்களை இருமடங்காக்கும் முறையை அவர் மக்னோலியா மரங்களில் கையாண்டார். அவ்வாறு பெருகிய மரங்களின் இலை தடித்தும் பூவிதழ் அகன்றும் அமையும். விஸ்லியின் ஒரு குன்றில் அவர் நாளில் நட்ட மரங்கள் பின்னும் பூத்தன. வெண்பூப் பூக்கும் ஒரு மக்னோலியா வகை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இக்காலத்து ஆய்வுகளிலிருந்து அவர் கண்ட ஒரு கருத்து இங்கு விளக்கத்தக்கது. இமயத்தின் வடமேற்குச் சரிவு குளிர்ந்து வறண்டது. வடகிழக்கோ குளிர்ந்து ஈரமானது. அந்த வடகிழக்கில் குரோமோசோம் பெருக்கம் மிகுதி என்றும், புதிய இனங்கள் தோன்றும் வேகம் அதனால் கூடுகிறது என்றும் அவர் கருதினார். அது மட்டுமன்று. சீனத்துச் செடிக்குலங்களும் மலாயாத் தீவுகளின் குலங்களும் இந்திய மண்ணின் குலங்களோடு வந்து கலக்கும் வாயில் அது. தூரத்து உறவினர் எதிர்ப்பட்ட இடத்தில் கலப்பு நிகழ்ந்தது. கலப்பிலிருந்து பன்மை பிறந்தது. கோவை வயலில் மனிதன் கையால் நடந்ததை மலைச்சரிவில் காலம் செய்துவந்திருப்பதை அவர் கண்டுகொண்டார்.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். 1890இல் ஆங்கிலேயர் தோற்றுவித்து, பின்னர் ஓய்ந்துபோயிருந்த இந்தியத் தாவர அளவீட்டுத் துறையைச் சீரமைப்பதற்குத் தனிப்பணி அலுவலராக 1952இல் அமர்த்தப்பட்டார். கல்கத்தா அலுவலகத்தின் முன்னுள்ள தெருவை நீண்ட துடைப்பத்தால் தாமே பெருக்குவார் என்ற செய்தி குடும்பத்தாரிடையே வழங்குகிறது. வட்டார நிலையங்கள் எழுந்தன. தென்வட்டத்திற்குக் கோயம்புத்தூரே இருப்பிடமாயிற்று. ஆயினும் 1954இல் தலைமைத் தாவரவியலர் பதவி சந்தாபாவ் அடிகளாருக்குச் சென்றது. அடிகளார் பேரறிஞர், இந்நாட்டைத் தம் நாடாகவே கொண்டவர். ஆனால் உலர்ந்த மாதிரிகளைத் திரட்டிப் பெயரிடுவதை முதன்மையாகக் கொண்ட ஐரோப்பிய மரபின் வழிவந்தவர். உயிருள்ள செடி, அதன் மரபு, அதனோடு வாழும் மக்கள் என்று விரிந்த ஜானகி அம்மாளின் நோக்கிற்கு அது ஏமாற்றமாயிற்று. அவர் அலகாபாத்தின் மையத் தாவரவியல் ஆய்வுக்கூடத்திற்குப் பொறுப்பேற்றார்.

அந்த ஆண்டுகளில் நாடு உணவுப் பஞ்சத்திற்கு அஞ்சி இருந்தது. மேலும் உணவு விளைவிப்போம் என்ற இயக்கத்தில் காடும் மேய்ச்சலும் ஏருக்கு அடியில் சென்றன. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிபித்தி மரத்தைக் காணச் சென்றார் ஜானகி அம்மாள். மரம் எரிக்கப்பட்டிருந்தது. இலண்டனில் குண்டுமழைக்கு நடுவே மக்னோலியாவைப் பயின்றவர் அதன் தாயகத்தில் கரிக்கட்டையைக் கண்டார். டார்லிங்டனுக்கு எழுதிய மடலில் இதைத் தெரிவித்தார். அவருடைய வாழ்வு திரும்பிய இடம் எது எனக் கேட்பின், பட்டமும் பதவியும் அல்ல, அந்த எரிந்த மரமே என்று துணியலாம்.

1955இல் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் புவிமுகத்தை மாற்றிய வரலாற்றை ஆராயப் பன்னாட்டறிஞர் கூடிய அவையில் அழைக்கப்பெற்ற ஒரே பெண் அவர். இந்தியாவின் பிழைப்புப் பொருளியலைப் பற்றி அங்கே கட்டுரை வழங்கினார். பழங்குடியினரின் பயிர்முறை, காட்டுணவு, தாய்வழிச் சமுதாயங்களில் பெண்கள் செடிகளைப் பேணிய முறை ஆகியன வெறும் பழைமை அல்ல, அறிவுத் தொகுதி என்பது அவர் நிலை. தானிய விளைவைப் பெருக்குவதே அறிவியலின் பணி என்று எண்ணிய காலத்தில், கரும்பு விளைவைப் பெருக்கிய நிலையத்திலிருந்து வந்தவரே மாற்றுக்குரல் எழுப்பினார்.

இங்கு ஒரு வினா எழும். விளைவுக்கும் பன்மைக்கும் உண்மையிலேயே தொடர்புண்டா? பன்மையைக் காப்பது அழகுணர்ச்சி மட்டும்தானா? இதற்கான ஆய்வை ஜானகி அம்மாள் நடத்தவில்லை. அது அவருக்கு முன்னே தொடங்கியது. அவருக்குப் பின்னர் விரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் ஜார்ஜ் சின்கிளேர் என்ற தோட்டத் தலைவர் புல்வகைகளைச் சிறு பாத்திகளில் தனித்தும் கலந்தும் வளர்த்துப் பார்த்தார். 1859இல் டார்வின் தம் பெருநூலில் அத்தகைய சோதனைகளைச் சான்றாகக் கொண்டு, ஒரே புல்லை விதைத்த நிலத்தைவிட வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்த புற்களை விதைத்த நிலம் மிகுந்த உலர்புல் தரும் என்றார். மூன்றடிக்கு நான்கடி அளவுள்ள பழைய புல்தரையில் 20 இனங்களைக் கண்டதாகவும், அவை 18 பேரினங்களுக்கு உரியவை என்பதாகவும் அவர் எழுதியது எண்ணத்தக்கது. அடுத்தடுத்து வாழ்பவை நெருங்கிய உறவினர் அல்ல. பெரும்பாலும் தூரத்து உறவினர்.

காரணம் அரிதன்று. உடன்பிறந்தார் ஒரே தட்டில் கைவைப்பதுபோல, நெருங்கிய உறவுச் செடிகள் ஒரே ஆழத்தில் வேரோட்டி, ஒரே சத்தைத் தேடி, ஒரே பூச்சிக்கு இரையாகின்றன. விலகிய குலத்தவை வெவ்வேறு ஆழத்தில் நீர் குடிக்கின்றன. வெவ்வேறு பருவத்தில் வெயில் உண்கின்றன. அவரைக் குடும்பத்துச் செடியோ காற்றின் நைட்ரசனை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்கே உரமாக்குகிறது. வத்திராயிருப்புக்குக் கிழக்கே விரியும் கரிசல் காட்டு உழவர் இதை ஏட்டில் கற்கவில்லை. சோளத்தோடும் கம்போடும் துவரையையும் தட்டாம்பயற்றையும் தூவினர். பருத்தியின் ஊடே உளுந்தை இட்டனர். புல், பயறு, பருத்தி என மூன்றும் மூன்று குடும்பங்கள். ஒன்று பொய்த்தால் ஒன்று காக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் கிரீக் என்னுமிடத்தில் 1994இல் டேவிட் டில்மன் குழுவினர் 168 பாத்திகளில் ஓரினம் முதல் 16 இனங்கள் வரை விதைத்து ஆண்டுதோறும் அறுத்து நிறுத்தனர். இனம் கூடிய பாத்தியில் விளைவும் கூடியது. 2008இல் மார்க் கடாட், பிராட்லி கார்டினேல், டாட் ஓக்லி ஆகிய மூவரும் இவ்வகைச் சோதனைகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து, இனங்களின் எண்ணிக்கையைவிட அவற்றிடையே உள்ள பரிணாமத் தொலைவே விளைவை நன்கு காட்டுகிறது என்றனர். வழக்கு அத்துடன் முடியவில்லை. 2015இல் 16 புல்வெளி ஆய்வுகளை மறுபடி எடைபோட்ட வேறொரு குழு, எண்ணிக்கைக்குச் செல்வாக்கு உண்டு, உறவுத் தொலைவுக்குத் தனிச் செல்வாக்கு இல்லை என்றது. பன்மை விளைவைக் கூட்டும் என்பதில் பெரும்பாலும் உடன்பாடு. குலத் தொலைவின் பங்கு எவ்வளவு என்பதில்தான் பூசல்.

ஜானகி அம்மாளின் வாழ்வை இவ்விடத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண் ஒளிர்கிறது. மணமுடிப்பதற்குச் செடிகளிடையே நெருக்கம் வேண்டும். கரும்பும் நாணலும் கூடியதைப்போலக் கரும்பும் மக்காச்சோளமும் எளிதிற் கூடுவதில்லை. அயலில் வாழ்ந்து பயன் தருவதற்கோ தொலைவு நன்மை செய்யக்கூடும். கலப்பின வயல் முதல் நெறியின் பயன். காடு இரண்டாவதன் பயன். முதல் வகை விளைவுக்கு மூலதனமும் இரண்டாவதிலேதான் இருக்கிறது. ஆற்றங்கரை நாணலைக் களையென்று அழித்திருந்தால் கோ 205 பிறந்திருக்க இயலாது. அவர் காட்டுப் பக்கம் வந்து நின்றதை மனமாற்றம் என்று சொல்வது பொருந்தாது. தம் கணக்கையே அவர் முழுமையாகப் போட்டுப் பார்த்தார்.

அரசுப் பணிக்குப்பின் ஜம்முவின் வட்டார ஆய்வுக்கூடத்திலும், சிறிது காலம் டிராம்பேயின் அணு ஆய்வு மையத்திலும் பணிபுரிந்தார். மருந்துச் செடிகளும் மணப்புற்களும் அவர் கவனத்தை ஈர்த்தன. பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. 1970இல் சென்னைக்குத் திரும்பி, பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களநிலையத்தில் தங்கினார். மஞ்சள் நிற எளிய சேலை, சில பூனைகள், மருந்துச் செடித் தோட்டம் இவற்றோடு அமைந்தது அவ்வாழ்க்கை. பூனைக்குட்டிகளிடத்தும் என்ன வேறுபாடு தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டிருந்தாராம். ஆய்வாளர் கண்ணுக்கு ஓய்வு வயது கிடையாது போலும்.

அப்போதுதான் சைலண்ட் வேலிப் போராட்டம் எழுந்தது. பாலக்காட்டு மலையில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணைகட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973இல் திட்டக்குழு இசைந்தது. அணை எழுந்தால் மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுத் துண்டு ஒன்று நீரில் மூழ்கும். கேரள சாத்திர சாகித்திய பரிஷத்து களத்தில் இறங்கியது. கவிஞர்களும் இறங்கினர். சுகதகுமாரி மரத்தைப் போற்றிப் பாடிய கவிதை மேடைதோறும் ஒலித்தது. கவிதையால் காடு பிழைக்குமா என்று கேட்பவர் இருந்தனர். காட்டைப் பற்றிய கணக்கும் வேண்டும் என்றே பலரும் கூறினர். எண்பது வயதைத் தொட்ட ஜானகி அம்மாள் அந்தக் கணக்கின் ஒரு பகுதியை எழுத முன்வந்தார். நீரில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கின் மரங்களுக்குக் குரோமோசோம் அளவெடுக்கும் பணி அது. கோவையில் நாணலுக்குச் செய்ததையே இப்போது ஒரு காட்டிற்குச் செய்தார். அணை எழுந்துவிட்டாலும் அழிந்தவை எவை என்ற ஏடாவது எஞ்ச வேண்டும் என்பது அந்த முயற்சியின் துயரமான நியாயம்.

திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், மதுரவாயல் நிலையத்தில் பணியில் இருந்தபடியே ஜானகி அம்மாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் சைலண்ட் வேலி தேசியப் பூங்கா ஆயிற்று. அதே மலைத்தொடர் தெற்கே வத்திராயிருப்பின் மேற்கு வானத்தை மறைத்து நிற்கும் இடமும், நான்காண்டு கழித்து 1988இல், சாம்பல்நிற அணிலின் பெயரால் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயமாயிற்று.

1955 மலரில் பெயர் விடுபட்டதைப்போலவே பின்னும் சில காலம் அவர் பெயர் மங்கிக் கிடந்தது. 2000இல் நடுவண் அரசு தாவர வகைப்பாட்டியலுக்கான தேசிய விருதொன்றை அவர் பெயரால் நிறுவியது. ஜம்முவில் உள்ள தாவர உலர்மாதிரிச் சேமகம் அவர் பெயர் தாங்குகிறது. கொடைக்கானலில் ரோசாக் கலப்பில் தேர்ந்த இணையர் 2018இல் தாம் உருவாக்கிய புதிய ரோசாவிற்கு ஜானகி அம்மாள் என்று பெயரிட்டனர். அதன் இதழ்கள் அவர் உடுத்திய சேலையைப் போல மங்கிய மஞ்சள்.